பேட்டரி வண்டியைக் குளிப்பாட்டியவன்

இல்லை, அது பொய். டீசல்காரர்களிடம் கை நீட்டிவிட்டுத்தான் இருதயநாதன் அந்தப் பேட்டரி வண்டியைச் சாகடித்தான் என்று பூமாலை குழாயடியில் சொல்லிக்கொண்டு திரிகிறாள். விழுப்புரத்தில் இன்னொருத்தி இருக்கிறாள், அதனால்தான் பெண்டாட்டியை விட்டுவிட்டுப் போனான் என்று அதற்கு ஒரு வாலும் ஒட்டுகிறாள். பூமாலை நல்லவள்தான். யார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சித் தூக்கோடு முதலில் போய் நிற்பவள் அவள்தான். ஆனால் இது பொய். நாலு பேர் நாலு குழாயில் நின்று சொன்னாலும் பொய்.

"வண்டி கெட்டது நெசந்தானே?" என்று கேட்பாள்.

நிஜம்தான்.

"அது அவன் கையால கெட்டதும் நெசந்தானே? அவனே வாயால ஒத்துக்கினானே. அப்புறம் இன்னா?"

அப்புறம்தான் எல்லாமே இருக்கிறது. கையால் கெட்டது வேறு, கெடுத்தது வேறு. விழுப்புரத்தில் அவனுக்கு ஒருத்தியும் இல்லை. ஒரு தண்ணீர் லாரிதான் இருக்கிறது. அதுவும் டீசல் லாரி. தினமும் விடிந்ததும் பெண்டாட்டிக்கு போன் போடுகிறான். "பேட்டரி வண்டி கையில குடுத்துட்டாங்களா?" என்று அவள் கேட்கிறாள். "இன்னும் இல்ல" என்கிறான். ஓடிப்போனவன் இப்படியா போன் போடுவான்?

இருதயநாதன் திண்டிவனத்தில் குப்பை லாரி ஓட்டினான். நகராட்சி வேலை, ஆனால் ஒப்பந்தக் கம்பெனி ஆள். லாரிக்குப் பின்னால் குப்பை அள்ளிப் போடுகிற பெண்களில் ஒருத்தி அவன் பெண்டாட்டி ஞானமேரி. அனந்தபுரம் பக்கம் பிறத்தியார் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி வளர்ந்த குடும்பம் இரண்டும். கல்யாணம் ஆன கையோடு திண்டிவனத்துக்கு வந்து, அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தான், இவள் கூடையைப் பிடித்தாள்.

டீசல் லாரி சத்தத்தில் முன்னால் இருப்பவனுக்குப் பின்னால் பேசுவது கேட்காது. அதனால் அவர்களுக்குள் ஒரு பழக்கம். ஞானமேரி லாரித் தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் நிற்க வேண்டும். இரண்டு தட்டினால் போகலாம். ஒரு தட்டு, இரண்டு தட்டு என்றே அவர்களுடைய பாதி ஆயுள் போயிற்று. வீட்டில் வாயால் பேசியதைவிட அந்தத் தகரத்தில் பேசியதுதான் அதிகம்.

போன ஆடியில், ஊர்க் குப்பை வண்டிகளை இனிமேல் எதில் ஓட்டுவது என்று நகராட்சியில் ஒரு பேச்சு வந்தது. டீசலில் புகை அதிகம், செலவும் அதிகம். சரி, மூன்று விதமாகவும் ஓட்டிப் பார்ப்போம், தீபாவளி கழிந்து கூட்டத்தில் வைத்து முடிவு செய்வோம் என்றார்கள். ஏற்கெனவே இருந்த டீசல் லாரி ஒன்று, சி.என்.ஜி. கேஸில் ஓடுவது ஒன்று, பேட்டரியில் ஓடுவது ஒன்று. ஷெட்டில் மூன்றையும் வரிசையாக நிறுத்தினார்கள். டிரைவர்களில் டீசல் துரைக்கண்ணுவுக்கு. கேஸ் ஜெகதீசனுக்கு. பேட்டரி வண்டியை எடுக்க யாரும் முன்வரவில்லை. சூப்பர்வைசர் நெடுஞ்செழியன்தான் இருதயநாதனின் தோளில் கை வைத்தார்.

"நாதா, நீ பொறுமையான ஆளு. இது ஒங்கிட்டதான் ஒழுங்கா இருக்கும்."

துரைக்கண்ணு சும்மா இருப்பானா. "கொழந்தப் புள்ளைங்க சாவி குடுத்து உடுமே, அந்த வண்டி மாதிரி கீது. பாத்துப்பா, வீட்டுக்கு எடுத்துக்கினு போயிடப் போறான்."

ஷெட்டே சிரித்தது. இருதயநாதனும் சிரித்தான்.

மூன்று வண்டியிலும் நல்லதும் இருந்தது, கெட்டதும் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. துரைக்கண்ணுவின் டீசல் லாரி எவ்வளவு ஏற்றினாலும் முனகாது. குப்பைக்கிடங்கு மேட்டில் சேறாக இருந்தாலும் மாடு மாதிரி ஏறிவிடும். ஆனால் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் பின்னால் நிற்கும் பெண்களின் முகத்தில் கரியை ஊதிவிட்டுத்தான் கிளம்பும். கேஸ் வண்டியில் புகை இல்லை, இழுவையும் பரவாயில்லை. ஆனால் கேஸ் பிடிக்க ஹைவேஸில் விழுப்புரம் பக்கம் போக வேண்டும். அங்கே காரும் ஆட்டோவும் வரிசையில் நிற்கும். ஜெகதீசன் வரிசையில் நின்று, கேஸ் பிடித்துத் திரும்புவதற்குள் வெயில் ஏறிவிடும். பெண்கள் தெருமுனையில் குப்பையைக் குவித்து வைத்துக்கொண்டு, மூக்கைப் பொத்தி உட்கார்ந்திருப்பார்கள்.

பேட்டரி வண்டி சந்துக்குள் பூனை மாதிரி போகும். புகை என்று பேருக்குக்கூட இல்லை. ஆனால் பாரம் ஏற்றினால் சீக்கிரம் சோர்ந்துவிடும். இருதயநாதன் அதற்குத் தகுந்தபடி பாரத்தைக் குறைத்து, ஒரு நடைக்கு இரண்டு நடையாக அடித்தான். கரண்டு நின்றுவிட்டால் சார்ஜ் ஏறாது. சத்தம் இல்லாததால் வண்டி வந்ததே வீடுகளுக்குத் தெரியாமல் போனது. ஞானமேரி ஒரு பழைய தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டே நடந்தாள். "எக்கா, சாமி ஊர்வலமா?" என்று மாடியிலிருந்து கேட்டார்கள்.

ஆனால் ஒன்று நடந்தது. அந்த வண்டி ஓட ஆரம்பித்த வாரத்தில், மரக்காணம் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது, இருதயநாதனுக்குப் பின்னால் யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி இருமல். அடி வயிற்றிலிருந்து வருகிற இருமல். எந்த வீட்டிலோ கிழவர் ஒருவருக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தான். அடுத்த தெருவிலும் அதே இருமல். அதற்கடுத்த தெருவிலும். அவன் வண்டியை நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். ஞானமேரி வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

"எப்பத்திலேர்ந்து இது?"

"எது?"

"இந்த இருமலு."

"அது எப்பவும் வர்றதுதான். நீங்க போங்க, ஜல்தியா முடிச்சிட்டுப் போலாம்."

எப்போதும் வருவதுதான் என்று அவள் சொன்னது அவன் நெஞ்சில் தைத்துவிட்டது. இத்தனை வருஷமும் அவள் பின்னால் இருமிக்கொண்டுதான் வந்திருக்கிறாள். அவன் முன்னால் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்திருக்கிறான். தகரத்தில் தட்டுவதுதான் அவன் காதுக்கு வந்தது. இது வரவில்லை. வீட்டில் கேட்கவில்லையா என்றால், வீட்டில் அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாள். அவனுக்குத் தூக்கம் கெடக்கூடாதாம்.

அந்த வாரமே லீவு சொல்லி, பஸ் பிடித்து, விழுப்புரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். படம் எடுத்து, ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசு.

"என்ன வேலைம்மா செய்றீங்க?"

"குப்ப லாரி பின்னாலங்க."

"லாரிக்குப் பின்னாலயா, புகைக்குப் பின்னாலயா?"

"ரெண்டும் ஒரே எடந்தாங்க" என்றாள் ஞானமேரி.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மூச்சுக்குழாய் சுருங்கிப் போயிருக்கிறது, மருந்து தருகிறேன், ஆனால் இனிமேல் புகை ஆகாது, மறுபடி புகையில் நின்றால் மருந்து பிடிக்காது என்றார். வேலையை விடலாமே என்றும் சொன்னார். படித்தவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். இரண்டு பேர் போனால்தான் அந்த வீட்டில் உலை வைக்க முடியும். அதை அவரிடம் சொல்லி என்ன பிரயோசனம். இவர்களும் தலையை ஆட்டிவிட்டு வந்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஞானமேரி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்த வண்டி ஜெயிச்சிடணும் மேரி."

"எந்த வண்டி?"

"நம்ம வண்டி. அது ஜெயிச்சா எல்லா லாரியும் அப்பிடியே வாங்கிடுவாங்க. நீ பாட்டுக்கு வேல செய்யலாம்."

"ஆமா, ஒங்க வண்டி எலக்சன்ல நிக்குது" என்றாள் அவள். ஆனால் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவன் அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டது போல ஒருவன் பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாட்டான். சார்ஜ் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். மேட்டில் ஏற்றுவதற்கு முன்னால் இறங்கிப் போய், சேற்றில் செங்கல் போட்டுவிட்டு வருவான். டீக்கடையில் யாராவது பேட்டரி வண்டி ஒரு வண்டியா என்று ஆரம்பித்தால் போதும், டீயை வைத்துவிட்டு எழுந்துவிடுவான். ஐப்பசிக்கு முன்னாலேயே ஒரு நாள் மழை வந்து தெருவெல்லாம் தண்ணீர் ஓடியது. அந்தத் தண்ணீரிலும் வண்டி நிற்காமல் ஓடியது. ஷெட்டுக்கு வந்ததும் வண்டியின் நெற்றியைத் தட்டிக் கொடுத்தான். "பாத்தியா, மழைக்கே பயப்படல" என்று எல்லாரிடமும் சொன்னான்.

அந்த மழைதான் அவனைக் கெடுத்தது.

ஆயுத பூஜை வந்தது. ஷெட்டில் சாமி பேதம் கிடையாது. மாரியாத்தாள் கும்பிடுகிறவனும் மாதா கோயிலுக்குப் போகிறவனும் சேர்ந்துதான் லாரிகளைக் கழுவி, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டுவார்கள். அதில் இருதயநாதனை மிஞ்ச ஆள் இல்லை. அவன் கழுவினால் குப்பை லாரியில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பார்கள். பூஜைக்கு முதல் நாள் எல்லோரும் வாட்டர் சர்வீஸ் கடையிலிருந்து, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுகிற பம்ப்பை எடுத்து வந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். இருதயநாதன் மட்டும் ஒரு ஈரத்துணியை வைத்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். காரணம் இருந்தது. வண்டியோடு வந்த கம்பெனிப் பையன் முதல் நாளே சொல்லியிருந்தான்: மழையில் ஓட்டலாம், பயமில்லை, ஆனால் பம்ப் வைத்து அடியில் மட்டும் அடிக்காதீர்கள், துடைத்தால் போதும்.

துரைக்கண்ணு பார்த்துவிட்டான். "இன்னா நாதா, ஒன் வண்டிக்குக் காய்ச்சலா? ஈரத்துணி போட்டுக்கினு கீற?"

ஜெகதீசனும் சேர்ந்துகொண்டான். "ஒரு சொட்டு தண்ணி தாங்காதாம்பா. இதத்தான் ஊருக்கு வாங்கப் போறாங்க."

அவர்கள் மனசில் கல்மிஷம் இல்லை. பண்டிகை நாள் கேலி. ஆனால் அவனுக்குச் சுருக்கென்றது. தன்னைச் சொன்னால் பொறுத்திருப்பான், வண்டியைச் சொன்னார்கள். அதுவுமில்லாமல், மாதக்கணக்கில் குப்பைத் தண்ணீர் ஒழுகி, வண்டியின் அடியிலும் பேட்டரிப் பெட்டி இடுக்கிலும் சேறு மாதிரி அப்பியிருந்தது. நாற்றம் அடித்தது. அப்படியே பொட்டு வைத்துப் பூஜை போடுவதா? வீட்டில் பண்டிகை, பிள்ளையை மட்டும் குளிப்பாட்டாமல் புதுத்துணி போடுவதா?

ஞானமேரி தடுத்தாள். "அந்தப் பையன் பம்ப் அடிக்கக் கூடாதுன்னு சொன்னானே."

"மழையில அவ்ளோ தண்ணியில ஓடிச்சே, அப்ப இன்னா ஆச்சி? அதுவும் தண்ணி, இதுவும் தண்ணி. நீ மாவெல எடு."

பம்ப்பை வாங்கினான். சோப்பு போட்டு, மல்லாந்து படுத்து, அடியெல்லாம் அடித்தான். பேட்டரிப் பெட்டி இடுக்கில் அப்பியிருந்த சேறு போகிற வரைக்கும் கிட்டே வைத்து அடித்தான். வண்டி பளபளவென்று நின்றது. சந்தனம் வைத்து, மாலை போட்டு, பம்பரில் சிலுவை போட்டுத் தொட்டுக் கும்பிட்டான். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். "மாப்பிள மாதிரி நிக்குது" என்று துரைக்கண்ணுவே சொன்னான். பொரியைத் தின்றுகொண்டு அந்த வண்டியைப் பார்த்தபடி நின்றபோது இருதயநாதன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை ஞானமேரி இன்றைக்கும் சொல்லி அழுகிறாள்.

பண்டிகை கழிந்து, வாழைமட்டையும் பூசணிக்காயுமாக ஊர்க் குப்பை மலை மாதிரி கிடந்த காலையில், வண்டி மேம்பாலத்தில் பாதியில் நின்றது. சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. பிறகு அதுவும் எரியவில்லை. முன்னாலும் பின்னாலும் பஸ்கள் ஹாரன் அடித்தன. கடைசியில் துரைக்கண்ணு டீசல் லாரியைக் கொண்டு வந்து, கயிறு கட்டி இழுத்தான். மாலைகூட வாடாத புது வண்டியைப் பழைய லாரி இழுத்துப் போகிறதை யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள். மத்தியானத்துக்குள் அது ஊர் முழுக்கப் போய்விட்டது.

கம்பெனிப் பையன் சென்னையிலிருந்து வந்து பெட்டியைத் திறந்தான். உள்ளே தண்ணீர் நின்றது. நிமிர்ந்து பார்த்தான். "தண்ணி எப்படி உள்ள போச்சு?"

இருதயநாதன் வாயைத் திறப்பதற்குள் நெடுஞ்செழியன் முந்திக்கொண்டார். "மழைங்க. நம்ம ஊர்ல மழை அப்பிடி." பிறகு அவனைத் தனியாக ஷெட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனார். "வாயை மூடிக்கினு இரு. ஒன் வேலதான் போவும். மழைய யாரும் வேலைய உட்டுத் தூக்க மாட்டாங்க."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். அவனும் பயந்து பேசாமல் இருந்துவிட்டான். மழை மேல் பழி போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நினைத்தான். கூட்டம் நடந்த பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. கேஸ் வண்டி, கேஸ் பிடிக்கிற இடம் பக்கத்தில் வந்த பிறகு பார்க்கலாம். பேட்டரி வண்டி நம் ஊர் மழைக்குத் தாங்காது, வேண்டாம். இப்போதைக்கு டீசலே இருக்கட்டும். இதுதான் முடிவு. மழையில் நிற்காமல் ஓடிய வண்டிக்கு மழை தாங்காது என்று பெயர் வைத்து, இன்னொரு லாரியில் ஏற்றி ஊரை விட்டு அனுப்பினார்கள்.

இருதயநாதன் மறுபடி டீசல் லாரியில் ஏறினான். ஞானமேரி மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மறுபடி பின்னால் நின்றாள். தகரத்தில் இரண்டு தட்டு. அவன் ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும். மிதித்தால் புகை எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியும். முன்பு தெரியாமல் மிதித்தான், இப்போது தெரிந்து மிதித்தான். சில நேரம் சந்து முனையில் எஞ்சினை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பின்னால் அவள் அடக்கிக்கொள்வாள். அவன் அணைத்தது எதற்கென்று அவளுக்குத் தெரியாதா என்ன.

இப்படியே கார்த்திகை போயிற்று. ஒரு நாள் காலையில் அவளால் கூடையைத் தூக்க முடியவில்லை. ரோட்டு ஓரம் உட்கார்ந்துவிட்டாள். அவளை வீட்டில் படுக்க வைத்துவிட்டு, அவன் யாரிடமும் சொல்லாமல் நேரே நகராட்சி ஆபீசுக்குப் போனான். அதிகாரியின் முன்னால் நின்று, "மழை இல்லீங்க. நான்தாங்க பம்ப் வெச்சி அடிச்சேன். வண்டி மேல தப்பு இல்ல. இன்னொரு வாட்டி ஓட்டிப் பாருங்க" என்றான்.

அந்த அதிகாரி கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கூட்டத்துக்கு முன்னாடி வந்து இத சொல்லியிருந்தா, நானே எழுந்து பேசியிருப்பேனேப்பா. இப்ப டீசலுக்கு ஒப்பந்தம் போட்டாச்சு. வண்டியும் போயிடுச்சு. இனிமே எப்ப வருமோ."

எப்ப வருமோ. அந்த வார்த்தையைத்தான் அவன் வீட்டுக்குக் கொண்டு வந்தான். ஒப்பந்தக் கம்பெனி அவனை வேலையிலிருந்து எடுத்தது. நெடுஞ்செழியன் தலையில் அடித்துக்கொண்டார். ஆபீசில் அவன் சொன்னது சாயங்காலத்துக்குள் குழாயடிக்கு வந்தது. வரும் வழியில் உருமாறி வந்தது. ஒத்துக்கொண்டான் என்பது மட்டும் நின்று, ஏன் ஒத்துக்கொண்டான் என்பது உதிர்ந்துபோயிற்று. "சும்மா யாராவது வேலைய உடுவானா? வாங்கினவன்தான் உடுவான்" என்றாள் பூமாலை. வாங்கியவன் வீட்டில் மருந்து தீர்ந்த அன்றைக்கு மறு மருந்து வாங்க முடிந்ததா என்று அவள் போய்ப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

விழுப்புரத்தில் பேட்டரி வண்டிகள் இறக்கப்போகிறார்கள், ஓட்டிப் பழகிய ஆள் தேடுகிறார்கள் என்று ஜெகதீசன்தான் வந்து சொன்னான். கேலி செய்த வாய் அது. வாசலுக்கு வெளியே நின்றே சொல்லிவிட்டுப் போனான்.

"போயிப் பாருங்க" என்றாள் ஞானமேரி.

"ஒன்ன இங்க உட்டுட்டா?"

"ரெண்டு பேரும் போனா சோத்துக்கு இன்னா பண்றது? அங்க வண்டி கையில வந்தா கூப்புடுங்க. அது பின்னால நான் வர்றேன்."

"அது வரைக்கும் நீ அந்தப் பொகையில..."

"துணி கட்டிக்கிறேன்."

மார்கழியில் ஒரு காலை. பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போகிற உடுப்போடு ஞானமேரி நின்றாள். அவன் ஒரு பையில் இரண்டு சட்டையும் சம்படத்தில் கேப்பைக் களியும் எடுத்துக்கொண்டான். குழாயடியில் குடங்கள் நின்றன, பேச்சு நின்றுபோயிருந்தது. அவன் வாசலைத் தாண்டிக் கால் வைத்தான். அதற்குமேல் கால் வரவில்லை. உள்ளே அவள் இருமினாள். முந்தானையை வைத்துக்கொண்டுதான் இருமினாள், ஆனாலும் அவனுக்குக் கேட்டுவிட்டது. திரும்பினான்.

"நான் போவலம்மே. வேற எதுனா பாக்கலாம்."

அவளுக்குப் பேச மூச்சு வரவில்லை. கதவு தகரக் கதவு. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை மடக்கி அதில் தட்டினாள். முதல் தட்டுக்கு அவன் அப்படியே நின்றான். இன்னொரு தட்டு வந்தது.

அவன் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான்.